டிரெய்லர் வால் ஆடுகிறதா? புது ஹிட்ச் வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

பிக்கப்பின் பின்னால் டிராவல் டிரெய்லரை (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) மாட்டிக்கொண்டு முதல் நெடும்பயணம் போய்வந்தவர்கள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "55 மைலைத் தாண்டினா பயமா இருக்கு." கையோடு அடுத்த கேள்வி, "எந்த ஆன்டி-ஸ்வே ஹிட்ச் வாங்கலாம்?" ஹிட்ச் என்பது டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் அமைப்பு, ஆன்டி-ஸ்வே என்றால் டிரெய்லரின் ஆட்டத்தை அடக்குவது. இந்தக் கேள்விக்கு நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. டயரில் காற்று எவ்வளவு, எடை போட்டுப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்கிறேன். பார்த்திருக்க மாட்டார்கள்.

டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு டெக்சஸின் பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குக் கிளம்பினார். அரை டன் பிக்கப் (பெரிய பிக்கப்களில் இலகுவான வகை), 26 அடி டிரெய்லர். யூஎஸ்-287 சாலையில் விச்சிட்டா ஃபால்ஸைத் தாண்டியதும், ஒவ்வொரு செமி டிரக் (பெரிய சரக்கு லாரி) முந்தும்போதும் டிரெய்லர் அவரை இழுத்துப் போட்டது. திரும்பி வந்த பிறகு இருவரும் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தோம். கீழே வரும் எண்கள் அவருடைய வண்டியினுடையவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், முறை அதேதான்.

வரிசைக்குக் காரணம் இருக்கிறது. காற்று குறைவாக இருந்தால் மற்ற எதைத் திருத்தினாலும் பலன் தெரியாது. எடை தெரியாமல் ஹிட்ச்சை அமைக்கவே முடியாது. ஹிட்ச் சரியாகும் வரை டிரக்கின் ஸ்டீயரிங்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அதோடு, முதல் சில படிகளுக்குக் காசு கிட்டத்தட்ட இல்லை.

## 1. முதலில், சாலையில் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது

காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் இன்னொரு தடவை ஆடலாம், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள், ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பாதீர்கள். டிரக்கின் பிரேக்கை மிதிக்காமல், பிரேக் கன்ட்ரோலரில் (டிரெய்லர் பிரேக்கை இயக்க டிரக்குக்குள் இருக்கும் கருவி) உள்ள கை லீவரை மட்டும் அழுத்துங்கள், அது டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கும்.

காரணம் எளிது. டிரெய்லர் மட்டும் பிரேக் பிடித்தால் அது டிரக்கைப் பின்னுக்கு இழுக்கும், இரண்டும் ஒரே கோட்டுக்கு வரும். டிரக் பிரேக் பிடித்தால் டிரெய்லர் முன்னுக்குத் தள்ளி, மடிந்து வரப் பார்க்கும். ஸ்டீயரிங் விஷயமும் அப்படித்தான்: நம் கை எப்போதும் அரை நொடி தாமதம், திருப்பித் திருப்பி நாமே ஊஞ்சலைத் தள்ளிவிடுவோம்.

அந்த லீவர் எங்கே இருக்கிறது என்று நண்பருக்குத் தெரிந்திருக்கவில்லை. காலியான பார்க்கிங்கில் 20, 25 மைல் வேகத்தில் பத்துத் தடவை அழுத்திப் பழகுங்கள், கண் பார்க்காமலே கை போக வேண்டும். டிரெய்லர் பின்னால் பிடித்து இழுப்பது தெரிய வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கக் கூடாது. அப்படி ஆகும்படி கன்ட்ரோலரின் கெயினை (பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவு) அப்போதே அமைத்துவிடுங்கள்.

## 2. "ஆடுகிறது" என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்

எல்லாவற்றுக்கும் "ஸ்வே" என்றே பெயர் வைத்துவிடுகிறோம். ஆனால் நோய் வேறு வேறு.

டிரெய்லரின் வால் இடமும் வலமும் தாளம் போட்டதுபோல ஆடினால் அதுதான் உண்மையான ஸ்வே. பின்பாரத்தையும் டயரையும் முதலில் சந்தேகப்படுங்கள். செமி முந்தும்போது ஒரு தடவை வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுத்து, அத்தோடு நின்றுவிட்டால் அது காற்றின் வேலை. ஓரளவு எல்லா டிரெய்லருக்கும் உண்டு. இழுத்த பிறகும் ஆட்டம் தொடர்கிறதா என்பதுதான் கேள்வி.

ஸ்டீயரிங் லேசாகி, வண்டி பாதைக்குள்ளேயே மெதுவாக அலைந்தால், முன் அச்சின் எடை போய்விட்டது என்று பொருள். கான்கிரீட் சாலையின் இணைப்புகளில் குதிரை ஓடுவதுபோல மேலும் கீழும் குதித்தால் ஷாக் அப்சார்பர், ஹிட்ச் பக்கம் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் டிரெய்லர் பிரேக்.

எந்த வேகத்தில், எந்தக் காற்றில், தண்ணீர் தொட்டி எவ்வளவு நிரம்பியிருந்தபோது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நினைவை நம்ப வேண்டாம், பயந்தவனுக்கு எல்லா ஆட்டமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

## 3. கையில் வேண்டியவை

டேப், நல்ல டயர் பிரஷர் கேஜ் (டிரெய்லர் டயருக்கு 80 பிஎஸ்ஐ வரை காட்ட வேண்டும்), டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் போல்ட்டை இறுக்க உதவும் ஸ்பேனர்), சாக்பீஸ், தூர நின்று சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். அப்புறம் பயணத்துக்குக் கிளம்பும்போது என்னென்ன ஏற்றுவீர்களோ அத்தனையும், குடும்பம் உட்பட. காலி டிரெய்லரைச் சோதிப்பது வீண் வேலை.

## 4. டயர்: விடியற்காலையில், குளிர்ந்திருக்கும்போது

டிரெய்லரில் பெரும்பாலும் எஸ்டி என்று தொடங்கும், டிரெய்லருக்கென்றே செய்த டயர்கள் இருக்கும். டிரெய்லரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் போட்டிருக்கும் குளிர் அழுத்தத்துக்குக் குறையாமல் காற்று வேண்டும். பல டிரெய்லர்களில் அதுவும் டயரின் சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தமும் ஒன்றாகவே இருக்கும். காற்று குறைந்தால் டயரின் சுவர் பக்கவாட்டில் நெளியும், அந்த நெளிவுதான் ஆட்டத்துக்கு இடம் கொடுக்கிறது.

நண்பரின் டயரில் 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இருந்தது 38, 40, 36, 41. டீலரிடமிருந்து வந்தபடியே ஓட்டியிருக்கிறார்.

வெயிலில் அளக்காதீர்கள். ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலும் பட்டால் அளவே வேறாகும். ஓட்டிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

பிறகு வயது. சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி 4 இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்தில் கிழடாகிச் சாவதுதான் அதிகம். ஐந்தாறு வருடம் ஆனால் டயரின் பள்ளக்கோடுகள் தேயாமல் அழகாக இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன்.

டிரக்கிலும் பாருங்கள். பல அரை டன் பிக்கப்கள் கார் போன்ற மென்மையான டயரோடுதான் வருகின்றன. கதவுச் சட்டத்தின் ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்துக்குக் கீழே போகவே கூடாது. டிரெய்லர் இல்லாதபோதே பின்பக்கம் தொளதொளவென்று நெளிந்தால், அடுத்த டயர் மாற்றத்தில் சுவர் உறுதியான எல்டி (லைட் டிரக்) டயரை யோசிக்கலாம்.

## 5. எடை மேடை: மூன்று தடவை

இதைத் தவிர்த்துவிட்டுத்தான் எல்லோரும் மீதியைச் செய்கிறார்கள். லவ்ஸ், பைலட் போன்ற டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். முன் அச்சு முதல் பலகையிலும், பின் அச்சு இரண்டாவதிலும், டிரெய்லர் அச்சுகள் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்துங்கள். ஊழியரைக் கூப்பிடும் பொத்தான் செமி ஓட்டுநரின் உயரத்தில் இருக்கும், பிக்கப்பில் உட்கார்ந்து எட்டாது. வெட்கப்படாமல் இறங்கி அழுத்துங்கள், அல்லது அவர்களுடைய ஆப்பில் எடை போட்டுக்கொள்ளுங்கள். ஒரே மேடையில் 24 மணி நேரத்துக்குள் மறுபடி போட்டால் கட்டணம் குறைவு.

முதலில் எல்லாம் மாட்டியபடி. இரண்டாவதாக வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சின் தண்டுகளை (டிரெய்லர் மூக்கின் எடையில் ஒரு பகுதியை டிரக்கின் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுகளுக்கும் பகிர்பவை) கழற்றிவிட்டு, டிரக் ஸ்டாப் வளாகத்துக்குள் மட்டும் மெல்ல ஓட்டி. மூன்றாவதாக டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு டிரக் மட்டும். மூன்று தடவையும் அதே ஆட்கள் வண்டிக்குள் இருக்க வேண்டும். நண்பரின் மகன் நடுவில் இறங்கிக் கடைக்குப் போய்விட்டதால் ஒரு எடைச் சீட்டு வீணாயிற்று.

நண்பருக்கு வந்த கணக்கு: டிரக் மட்டும் முன் 3,300, பின் 2,800, மொத்தம் 6,100 பவுண்டு. தண்டில்லாமல் மாட்டியபோது முன் 3,060, பின் 3,600, டிரெய்லர் அச்சுகள் 6,340. டிரக்கின் எடை 6,660 ஆகிவிட்டது. 6,660-இல் 6,100 போனால் 560. இந்த 560 பவுண்டுதான் டங் வெயிட், அதாவது டிரெய்லரின் மூக்கு, ஹிட்ச்சில் அது உட்காரும் இரும்புப் பந்துமேல் அழுத்தும் எடை. டிரெய்லரின் முழு எடை 6,340 கூட்டல் 560, அதாவது 6,900.

560-ஐ 6,900-ஆல் வகுத்தால் 8.1 சதவீதம். இந்த வகை டிரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் வரை வேண்டும். நோய் இங்கேயே தெரிந்துவிட்டது.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது காலி டிரெய்லரின் எடை. அரிசி மூட்டை, குக்கர், தண்ணீர் எதுவும் அதில் இல்லை.

## 6. முன்பாரமா பின்பாரமா

மாட்டுவண்டியில் சுமை ஏற்றியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். முன்பாரம் அதிகமானால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கும். டிரெய்லரும் அதே வண்டிதான். பின்பாரம் வந்தால் மூக்கு லேசாகும், பின்னால் இருக்கும் கனம் ஊசல் குண்டுபோல ஆடத் தொடங்கும், வேகம் கூடக்கூட அந்த ஆட்டம் தானாக அடங்கும் திறன் குறையும்.

நண்பரின் டிரெய்லரில் பின் பம்பரில் ஸ்டாண்டோடு சேர்த்து 150 பவுண்டுக்கு இரண்டு சைக்கிள். அவை அச்சுக்கு 13 அடி பின்னால், மூக்கு அச்சுக்கு 16 அடி முன்னால். 150-ஐ 13-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் சுமார் 122 பவுண்டு மூக்கிலிருந்து தூக்கப்படுகிறது. எடை சின்னது, இடம்தான் பெரியது.

இரண்டாவது, 40 கேலன் நல்ல தண்ணீர் தொட்டி. ஒரு கேலன் 8.34 பவுண்டு, நிறைந்தால் 334 பவுண்டு. அவருடையதில் தொட்டி அச்சுக்கு 6 அடி பின்னால், அதனால் மூக்கிலிருந்து இன்னொரு 125 போகிறது. சில டிரெய்லர்களில் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கும், அங்கே நிரப்பினால் மூக்கு எடை கூடும். உங்களுடையது எங்கே என்று கீழே குனிந்து பாருங்கள். கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் இதே கணக்கு, திரும்பி வரும்போது மட்டும் ஆடுகிறது என்பவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, மூக்கின் மேல் இருக்கும் பழைய ஈய பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு இலகுவான லித்தியம் போடுகிறவர்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் முன்பாரம் குறைந்தது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

சைக்கிளையும் ஸ்டாண்டையும் டிரக்கின் பெட்டிக்கு மாற்றி, தண்ணீரை முகாமில் நிரப்பிக்கொள்வது என்று முடிவு செய்து மறுபடி எடை போட்டோம். டிரெய்லர் 6,420, டங் வெயிட் 800, அதாவது 12.5 சதவீதம்.

ஆனால் ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் குறையும். இப்போது டிரக் சுமக்கும் எடை கூடிவிட்டது. அவருடைய ஸ்டிக்கரில் டிரக்கின் மொத்த எல்லை 7,050, பின் அச்சின் எல்லை 3,800. தண்டில்லாமல் பின் அச்சில் 4,120 வந்தது. எல்லையைத் தாண்டிவிட்டது. இதைச் சரிசெய்வதுதான் அடுத்த படி.

எல்லைக்குள் வரவே இல்லையென்றால் சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது டிரக்கோ டிரெய்லரோ மாற வேண்டும். "இது அசால்ட்டா இழுக்கும் சார்" என்று விற்பவர் சொன்னது இழுக்கும் திறனைப் பற்றி. சுமக்கும் திறன் கதவில் ஒட்டியிருக்கிறது.

## 7. ஹிட்ச் அமைப்பு

இப்போதுதான் ஹிட்ச்சைத் தொட வேண்டும். சமதரையில், சுமையோடு.

முதலில் டிரெய்லரின் மட்டம். கிடைமட்டமாக, அல்லது மூக்கு மிக லேசாகத் தாழ்ந்து இருக்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் ஆட்டம் கூடும். பந்தின் உயரத்தை மாற்றித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு டிரக்கின் முன் சக்கர வளைவின் உச்சியிலிருந்து தரை வரை அளங்கள். டிரெய்லர் இல்லாமல் ஒரு தடவை, தண்டில்லாமல் மாட்டி ஒரு தடவை, தண்டு போட்டு ஒரு தடவை. அவருக்கு 37½ அங்குலம், மாட்டியதும் 38½. பின்னால் அமுங்கினால் முன்னால் தூக்கும், ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். அந்த ஒரு அங்குலத்தில் எவ்வளவு திரும்பி வர வேண்டும் என்று டிரக்கின் மேனுவலில் இருக்கும். பாதி என்று சொல்பவை நிறைய, அவருடையதும் அப்படித்தான்.

ஹிட்ச் தலையின் சாய்வை ஒரு வாஷர் கூட்டி, தண்டின் பிராக்கெட்டை ஒரு துளை ஏற்றியதும் 37⅞ வந்தது. மறுபடி மேடைக்குப் போனால் முன் 3,160, பின் 3,760, டிரெய்லர் அச்சுகள் 5,760. டிரக் மொத்தம் 6,920. எல்லாம் எல்லைக்குள், பின் அச்சில் 40 பவுண்டு மிச்சம். தாராளம் என்று சொல்ல மாட்டேன்.

தண்டை மாட்ட ஆள்பலத்தைக் காட்டாதீர்கள். கப்ளரை (பந்தைக் கவ்வும் டிரெய்லரின் முன்முனை) பூட்டிய பிறகு டங் ஜாக்கால் (மூக்கில் இருக்கும் ஜாக்கி) டிரெய்லரையும் டிரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கினால் தண்டு எளிதாக ஏறும்.

இங்கே இரண்டு தவறுகள். ஒன்று, பின்பக்கம் அமுங்குகிறதே என்று பின் சஸ்பென்ஷனில் ஏர்பேக் (காற்றடைத்த பை) போடுவது. டிரக் மட்டமாகத் தெரியும், ஆனால் முன் அச்சுக்கு எடை திரும்பாது; ஏர்பேக் எடையை நகர்த்தாது. இரண்டு, அளவுக்கு மீறித் தண்டை இறுக்குவது. முன்பக்கம் கனமாகி, பின் சக்கரங்கள் லேசாகி, ஈர வளைவில் டிரக்கின் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும்.

உராய்வு மூலம் ஆட்டத்தை அடக்கும் ஹிட்ச் என்றால், சத்தம் வருகிறதே என்று கண்ட இடத்தில் கிரீஸ் தடவாதீர்கள். பந்துக்கு வேண்டும், உராய வேண்டிய இடத்தில் தடவினால் அது வெறும் இரும்பு. எங்கே தடவலாம் என்று அதன் மேனுவலில் படம் இருக்கும்.

போல்ட்களை டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். பந்தின் நட், பிராக்கெட்டுகள் எல்லாம் புதிதில் சில நூறு மைலுக்குள் தளரலாம். சாக்பீஸால் நட்டின் மேலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால், கோடு விலகியதைப் பார்த்தே தளர்ந்ததைக் கண்டுபிடிக்கலாம்.

## 8. டிரெய்லரின் அடிப்பாகம்

எடையும் ஹிட்ச்சும் சரியான பிறகும் ஆட்டமோ இழுப்போ இருந்தால் கீழே படுக்க வேண்டியதுதான்.

டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே தடவுங்கள், பிறகு வெளியிருந்து உள்ளே. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்போலக் கையைப் பிடித்தும் இருந்தால், அந்தச் சக்கரம் நேராக உருளாமல் தேய்த்துக்கொண்டே வருகிறது. அச்சு வளைந்திருக்கலாம் அல்லது தள்ளி நிற்கலாம். கப்ளரின் நடுவிலிருந்து அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். தெளிவாக வித்தியாசம் இருந்தால் அலைன்மென்ட் கடைக்குப் போங்கள், கார் கடைக்கு அல்ல, டிரக்கும் டிரெய்லரும் பார்க்கும் கடைக்கு.

அரைமணி நேரம் ஓட்டி நிறுத்தியதும் சக்கர ஹப்களின் (சக்கரத்தின் நடுப்பகுதி) சூட்டைத் தெர்மாமீட்டரால் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் போகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் பிரேக் வேலையே செய்யவில்லை.

ஸ்பிரிங்கின் கண்களில் இருக்கும் நைலான் புஷ்களையும் பாருங்கள். பல டிரெய்லர்கள் இந்த மலிவான புஷ்ஷோடுதான் வருகின்றன, தேய்ந்தால் அச்சே பக்கவாட்டில் அசையும்.

## 9. கடைசியாக டிரக்

ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் லேசாக ஆட்ட, இன்னொருவர் கீழிருந்து டை ராட், பால் ஜாயின்ட் போன்ற ஸ்டீயரிங் இணைப்புகள் எங்காவது தனியாக ஆடுகிறதா என்று பாருங்கள். 80,000 மைல் ஓடிய டிரக்கில் முதல் ஷாக் அப்சார்பரே இருந்தால் குதிப்புக்கு அதுவே போதும். டிரக்கை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டிருந்தால் அதுவும் சந்தேகப் பட்டியலில் சேரும்.

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முன் அச்சு லேசாக இருக்கும்போது நல்ல ஸ்டீயரிங்கும் கெட்டதுபோலத்தான் தெரியும். நண்பர் எனக்கு முன்னாலேயே ஒரு கடையில் டை ராட் மாற்றிவிட்டு வந்திருந்தார்.

## 10. ஓட்டிப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒரே சாலை, முடிந்தால் ஒரே நேரம். 45-இல் தொடங்கி 55, 60 என்று ஏற்றுங்கள். வேண்டுமென்றே ஸ்டீயரிங்கை வெட்டிச் சோதிக்காதீர்கள், செமி முந்துவதே போதுமான சோதனை. அது போன பிறகு வால் எத்தனை தடவை ஆடி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டில் அடங்கினால் நல்லது. முதல் ஆட்டமும் நான்காவது ஆட்டமும் ஒரே அளவாக இருந்தால், உங்கள் வண்டியின் எல்லை வேகத்தை நெருங்கிவிட்டீர்கள், உடனே குறையுங்கள். டிரக்கிலேயே இருக்கும் ஸ்வே கன்ட்ரோல் விளக்கு மின்னினால் அந்தச் சோதனை தோல்வி என்றே எழுதிக்கொள்ளுங்கள். அது கடைசிக் கம்பி, அதைப் பிடித்துக்கொண்டு ஊர் போகக் கூடாது.

நண்பர் அடுத்த தடவை அதே 287-இல் போனார். டயர்க் காற்று, முன்பாரம், ஹிட்ச்சில் ஒரு வாஷரும் ஒரு துளையும்; மாற்றியது இவ்வளவுதான். ஃபோர்ட் வொர்த் தாண்டி டெகேட்டரில் நிறுத்தி வீல் நட்டுகளையும் ஹிட்ச் போல்ட்களையும் ஒரு சுற்று பார்த்திருக்கிறார், ஒரு பிராக்கெட்டில் சாக்பீஸ் கோடு விலகியிருந்ததாம். செமி முந்தினால் இன்னமும் ஒரு தடவை தள்ளுகிறது, 62 மைலுக்கு மேல் போவதில்லை என்றார். வரும்போது கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் கிளம்பினாராம்.